மட்டக்களப்பிலிருந்து சேஃப்டி ஒபிசர் வேலைக்கு: காசை எந்த வரிசையில் செலவழிப்பது

கொழும்பில் எனக்கு நடந்த முதல் நேர்முகத் தேர்வில் கேள்வி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். இரண்டு மாடிக் கட்டடம், சாரம் கட்டியிருக்கிறது, மேலே இரண்டு பேர் பூச்சு வேலை செய்கிறார்கள். "என்ன பிழை தெரியுது?" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். "ஹெல்மெட் இல்ல சேர்" என்றேன். உடனே சொல்லிவிட்ட பெருமை வேறு. அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "அது கடைசிப் பதில். முதல் பதிலைச் சொல்லுங்க" என்றார். எனக்கு முதல் பதில் தெரியவில்லை.

அன்றைக்கு என் ஃபைலில் இரண்டு சான்றிதழ்கள் இருந்தன. இரண்டையும் லெமினேட் செய்திருந்தேன். இரண்டுக்குமாக நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருந்தது, அம்மாவின் சீட்டுக் காசு. படத்தில் இருந்ததைப் பிறகு பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்துப் பார்த்தேன். நிற்க ஒரே ஒரு பலகை, அதன் ஒரு முனை சாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு கட்டாமல் கிடக்கிறது. பிடித்துக்கொள்ளத் தடுப்புக் கம்பி இல்லை. ஏணியின் ஒரு கால் செங்கல்லின் மேல் நிற்கிறது. அந்த இருவருக்கும் நேர் கீழே ஒரு பொடியன் சாந்து குழைக்கிறான். களுவாஞ்சிகுடியில் எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீடு கட்டினார்கள், இதே காட்சியை எத்தனை தரம் கடந்து போயிருப்பேன்!

பிறகு வேலை கிடைத்தது, சில வருடம் கத்தாரில் இருந்தேன், இப்போது ஊரோடு இருக்கிறேன். என்னிடம் வருகிற தம்பி தங்கைகள் எல்லோரும் "அண்ணா, எந்தக் கோர்ஸ் செய்யலாம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். கோர்ஸ் ஐந்தாம் படி. அதை முதற்படியாக எடுத்ததால்தான் என் காசு வீணாகப் போனது. ஓஎல் அல்லது ஏஎல் முடித்து, பொறியியல் பட்டம் இல்லாமல், மட்டக்களப்பு அம்பாறைப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தத் தொழிலுக்குள் வர நினைக்கிறவருக்காக இதை எழுதுகிறேன்.

1. இது என்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழில் "பாதுகாப்பு உத்தியோகத்தர்" என்று விளம்பரம் வந்தால் அது பெரும்பாலும் கேற்றில் நிற்கிற செக்கியூரிட்டி வேலை. நான் வேலைக்குப் போன புதிதில் பெரியம்மா ஊரெல்லாம் "மகன் வாச்சராப் போயிருக்கான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நீங்கள் தேடவேண்டியது சேஃப்டி அசிஸ்டன்ட், சேஃப்டி ஒபிசர், எச்எஸ்ஈ ஒபிசர், ஈஎச்எஸ் எக்சிகியூட்டிவ் (இரண்டும் சுகாதாரம், பாதுகாப்பு, சுற்றாடல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயர்களை. பிஎச்ஐ வேலையோடும் இதைக் குழப்பாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அரசாங்கப் பதவி, அதற்கு வேறு ஆட்சேர்ப்பு, வேறு பயிற்சி. தொழில் திணைக்களத்தில் தொழிற்சாலைகளைச் சோதிக்கிற பரிசோதனைப் பொறியியலாளர் பதவிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். ஆக நமக்கு மிஞ்சுவது தனியார் பக்கம்: கட்டட, வீதி, பாலக் கொன்ட்ராக்டர்கள், ஆடைத் தொழிற்சாலைகள், பாசிக்குடா அறுகம்பைப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்கள், அப்புறம் வளைகுடா.

நாள் முழுக்கச் செய்வது என்ன? காலையில் வேலையாட்களைக் கூட்டி ஐந்து பத்து நிமிடப் பேச்சு. உயரத்தில் ஏறுவதற்கும் வெல்டிங்குக்கும் தொட்டிக்குள் இறங்குவதற்கும் அனுமதிப் படிவம். சாரம், ஏணி, வயர், தூக்கும் பெல்ட் எல்லாவற்றையும் சுற்றிப் பார்ப்பது. பார்த்ததை எழுதுவது. பிறகு எழுதியதற்காக எஞ்சினியரோடு வாக்குவாதப்படுவது. கத்திக் கத்தி ஹெல்மெட் போட வைக்கிற வேலை என்று நினைத்து வந்தால் மூன்று மாதத்தில் உங்களுக்கும் அலுக்கும், அவர்களுக்கும் அலுக்கும்.

2. பெயரைச் சரிபாருங்கள், இன்றைக்கே

இதைச் சின்ன விசயம் என்று தள்ளாதீர்கள். என் பயணம் நாலு மாதம் பிந்தியதற்கு இது ஒன்றுதான் காரணம்.

நம் பெயர்களில் அப்பாவின் பெயர் முன்னுக்கு வரும், எழுத்தாக வரும், சில இடத்தில் பின்னுக்குப் போகும். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஓஎல் சான்றிதழில் முதலெழுத்தோடு, அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்து கூட, பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக. ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். வெளிநாட்டுக் கொம்பனியின் ஆட்கள் பிரிவில் இருக்கிறவருக்கோ அது மூன்று தனி மனிதர்கள்.

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, ஓஎல் ஏஎல் சான்றிதழ்கள், பாஸ்போர்ட் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆங்கில எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதிர்ஷ்டம், இப்போதே திருத்திக்கொண்டு எடுக்கலாம். எடுத்துவிட்டீர்கள் என்றால் இனிமேல் படிக்கிற எல்லாக் கோர்ஸுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். சின்ன எழுத்து வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்டலாம். ஆனால் எல்லா இடத்திலும் அது செல்லும் என்று நம்பி இருக்கவேண்டாம்.

தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுங்கள். ஓஎல் ஏஎல் பெறுபேற்றுச் சான்றிதழை ஆங்கிலத்தில் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து ஒன்லைனில் விண்ணப்பித்தே எடுக்கலாம், பத்தரமுல்லைக்கு பஸ் ஏறத் தேவையில்லை.

இன்னொன்று, எதையும் லெமினேட் செய்யாதீர்கள். பிறகு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தப் போகும்போது கடதாசியில்தான் முத்திரை விழவேண்டும், பிளாஸ்டிக்கில் அல்ல. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும். என்னுடைய இரண்டு லெமினேட் சான்றிதழ்களும் வீட்டில்தான் கிடக்கின்றன. அவற்றுக்கு முத்திரை குத்தினாலும் பயனில்லை என்பது வேறு கதை.

3. ஒரு வேலைத்தளத்தில் ஆறு மாதமாவது நில்லுங்கள்

சேஃப்டி வேலைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கவேண்டாம். ஸ்டோர் கீப்பர், டைம் கீப்பர், சைட் கிளார்க், மேசன் பாஸுக்குக் கையாள், எதுவானாலும் சரி. நான் கல்முனைப் பக்கத்துக் கட்டடச் சைட் ஒன்றில் ஸ்டோர் பார்த்தேன். சிமெந்து மூட்டை எண்ணுகிற வேலை. ஆனால் எந்தப் பூட்ஸ் எத்தனை நாளில் கிழிகிறது, கையுறையை ஏன் யாரும் வாங்க வருவதில்லை, எந்தக் கிரைண்டரில் தடுப்பு மூடி கழன்றிருக்கிறது என்பதெல்லாம் ஸ்டோருக்குத்தான் முதலில் தெரியும்.

காலத்தைப் பார்த்து இறங்குங்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நம் பக்கம் மழை, வெளி வேலைகள் மந்தம், புதிதாக ஆள் எடுப்பது குறைவு. மழை விட்டு, பெப்ரவரி மார்ச்சில் பெரும்போக அறுவடையோடு அரிசி ஆலைகள் சூடுபிடிக்கும், சைட்டுகளும் எழும்பும். பெப்ரவரியில் வேலை கேளுங்கள், மழைக்காலத்தைப் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போனதும் ஒரு சிஆர் கொப்பி, அதாவது கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பி, வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். என்ன வேலை நடந்தது, என்ன நடந்திருக்கக்கூடும், யாருக்கு, அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள், நான் என்றால் முதலில் எதை மாற்றுவேன். நாலாவது கேள்வியை விட்டுவிட்டு ஐந்தாவதுக்குப் போகாதீர்கள்.

ஏன் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். சம்மாந்துறைப் பக்கத்து ஆலை ஒன்றுக்கு உறவினரோடு போயிருந்தேன். மோட்டாரிலிருந்து இயந்திரத்துக்கு ஓடுகிற பெல்ட்டுக்கு மூடி இல்லை. ஓட்டுகிறவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, பெல்ட் விலகும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கம்பால் தட்டி உள்ளே தள்ளுகிறார். மூடி எங்கே என்று கேட்டேன். நெல் மூட்டைகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள், தூசி ஒரு விரல் மொத்தம். அதன் நட்டுகள் ஒரு பால்மா டின்னில் பத்திரமாக இருந்தன. தொலைக்கவில்லை, எறியவில்லை. "மறுகா போடுவம் எண்டுதான் வச்ச தம்பி. ஒவ்வொருக்காலும் நாலு நட்டுக் கழட்டோணும், பூட்டோணும். நெல்லு வந்து நிக்கக்குள்ள ஆருக்கு நேரம்?" என்றார் அவர்.

அவரிடம் போய்க் கவனம் கவனம் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? ஆபத்து அவருக்குத் தெரியும். மூடிக்கு ஒரு பக்கம் பிணைச்சலும் மறுபக்கம் ஒரு கொளுக்கியும் போட்டுக் கொடுத்தால் அரை நிமிடத்தில் திறந்து மூடுவார். பெல்ட்டின் இழுவையைச் சரியாக வைத்தால் அடிக்கடி விலகவே விலகாது. நேர்முகத்தில் கேட்ட "முதல் பதில்" இதுதான். பாடப் புத்தகத்தில் இதற்கு ஐந்து படி இருக்கிறது: ஆபத்தை இல்லாமலே செய், முடியாவிட்டால் வேறொன்றால் மாற்று, அதுவும் முடியாவிட்டால் தடுப்பு, மூடி, காற்றோட்டம் போன்ற ஏற்பாடு செய், பிறகு வேலை முறை, பயிற்சி, அறிவிப்புப் பலகை, கடைசியில்தான் ஹெல்மெட்டும் கையுறையும். இதை மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும். ஆலையில் நின்று ஒருதரம் யோசித்துப் பார்த்தால்தான் அது உங்களுடையதாகும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சைட்டில் சேர்த்துக்கொள்ளத் தயங்குகிறார்கள் என்றால் ஆடைத் தொழிற்சாலையில் தொடங்குங்கள். தீ வெளியேற்றப் பயிற்சி, இரசாயனச் சேமிப்பு, இயந்திர மூடி, முதலுதவிப் பதிவு என்று அங்கே எல்லாம் எழுத்தில் நடக்கும். வெளிநாட்டு வாங்குநர்களின் கணக்காய்வு வருவதால் ஆவணப் பழக்கம் சைட்டைவிட நன்றாகவே பிடிபடும்.

4. மொழியும் சின்னப் பயிற்சிகளும்

இது சுருக்கம். முதலுதவிப் பயிற்சியைச் செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் அம்பியூலன்ஸிலோ செய்யுங்கள், பெரிய செலவில்லை. தீயணைப்புக் கருவியைக் கையில் பிடித்து இயக்கிப் பழகாமல் எந்த நேர்முகத்துக்கும் போகவேண்டாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மாநகர சபைக்குத் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது, உங்கள் வேலைத்தளம் கடிதம் கொடுத்துக் கேட்டால் செய்து காட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

சிங்களம் கட்டாயம். சைட்டில் பாதிப் பேருக்குக் காலைப் பேச்சு சிங்களத்தில்தான் போய்ச் சேரும். அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். தமிழிலும் சிங்களத்திலும் பேசி ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த சேஃப்டி அசிஸ்டன்ட்டை எந்தக் கொன்ட்ராக்டரும் விடமாட்டார்.

நாட்டுச் சட்டத்தில் இரண்டு விசயம் தெரிந்திருந்தால் போதும், தொடங்க. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஒன்று. விபத்தில் உயிர் போனாலோ, காயப்பட்டவர் மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் போனாலோ அறிவிக்கவேண்டும் என்று அது சொல்கிறது. மற்றது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். முதலாவதைக் கேட்டால் பலரும் சொல்வார்கள். இரண்டாவதைச் சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

5. இப்போது கோர்ஸ்

கவனமாக வாசியுங்கள், காசு போகிற இடம் இது.

உள்நாட்டில் தொழில் அமைச்சின் கீழ், 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. சான்றிதழ், டிப்ளோமா வகுப்புகள் நடத்துகிறது. உள்ளூரில் வேலை தேடுகிறவருக்கு அது நல்ல அடித்தளம். விண்ணப்பிக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மொழியில், வார இறுதியிலா, ஒன்லைனில் எத்தனை நாள்? வார இறுதி வகுப்பென்றால் வெள்ளி இரவு பஸ், ஞாயிறு இரவு பஸ் என்று எழுதிப் பாருங்கள். பஸ் காசு, சாப்பாடு, தங்குவது எல்லாம் சேர்ந்தால் கோர்ஸ் கட்டணத்தையே எட்டிப் பிடிக்கும். தனியார் நிறுவனம் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் பதிந்திருப்பது ஒன்று, அந்தக் கோர்ஸுக்கு என்விகியூ, அதாவது தேசிய தொழிற்தகைமை, மட்டம் கிடைத்திருப்பது வேறொன்று. பேசுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள்.

வளைகுடாவுக்குப் பெரும்பாலும் கேட்பது நெபோஷ் ஐஜிசி, அதாவது இங்கிலாந்தின் நெபோஷ் அமைப்பு கொடுக்கிற சர்வதேசப் பொதுச் சான்றிதழ். அதில் இரண்டு பகுதி. ஐஜி1 புத்தகம் பார்த்து எழுதுகிற தேர்வு. ஒரு வேலைத்தளக் கதையைக் கொடுத்து, அந்தக் கதையிலிருந்தே ஆதாரம் எடுத்துப் பதில் எழுதச் சொல்வார்கள். நேரம் 24 மணி, தேர்ச்சிக்கு 45 புள்ளி. ஐஜி2 நீங்கள் ஒரு உண்மையான வேலைத்தளத்தில் செய்யவேண்டிய இடர் மதிப்பீடு. குறைந்தது பத்து ஆபத்துகள், குறைந்தது ஐந்து வெவ்வேறு வகையிலிருந்து. பிறகு அவற்றுக்கான நடவடிக்கைகளில் மூன்றைத் தெரிவுசெய்து, ஏன் இவை முதலில் என்று நியாயம் எழுதவேண்டும்.

மூன்றாம் படியை ஏன் முன்னுக்கு வைத்தேன் என்று இப்போது விளங்குகிறதா? நிற்க ஒரு தளம் இல்லாதவர் ஐஜி2 எழுத உட்கார்ந்தால் இணையத்தில் கிடைத்ததைப் பார்த்து எழுதுவார், அது பிடிபடும். நான் என் சிஆர் கொப்பியைத் திறந்தேன், பத்து அல்ல, நாற்பது இருந்தது. எதை விடுவது என்பதுதான் பிரச்சினை.

தேர்வு தமிழில் இல்லை. ஐஈஎல்டிஎஸ் என்ற சர்வதேச ஆங்கிலப் பரீட்சையில் 6 எடுக்கிற அளவு ஆங்கிலம் இருந்தால் நல்லது என்று நெபோஷே சொல்கிறது. அந்தப் பரீட்சையை எழுதத் தேவையில்லை, அந்த அளவுக்கு வாசித்து எழுத வரவேண்டும். வராது என்றால் ஆறு மாதம் ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். பெயிலாகித் திரும்பக் கட்டுவதைவிட அது மலிவு.

செலவு: நான் விசாரித்த காலத்தில் கொழும்பில் ஒன்றரை இலட்சத்திலிருந்து மூன்று இலட்சம் வரை சொன்னார்கள். குறைந்த விலை சொன்ன இடத்தில் தேர்வுக் கட்டணம் சேரவில்லை, அது பவுணில், கட்டுகிற நாளின் மாற்று விலையில். ஆகவே "எல்லாம் சேர்த்தா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஐஜி1, ஐஜி2 இரண்டின் பதிவுக் கட்டணம், புத்தகம், திரும்ப எழுதினால் எவ்வளவு, நாலையும் தனித்தனியாக. படிப்பிக்கிற நிறுவனத்தின் பெயர் நெபோஷின் சொந்த இணையத்தளத்தில் உள்ள கற்கைப் பங்காளர் பட்டியலில் இருக்கவேண்டும். முகநூல் பக்கத்தில் சின்னம் போட்டிருப்பது கணக்கில் வராது.

காலம்: வேலை செய்துகொண்டே படித்தால் மூன்று நாலு மாதம். தேர்வுத் திகதிக்குப் பல வாரத்துக்கு முன்பே பதிவு மூடிவிடும். முடிவு வர இன்னும் இரண்டு மூன்று மாதம். ஒரு பகுதியில் தேறினால் மற்றதை முடிக்க ஐந்து வருடம் இருக்கிறது, ஆகவே இரண்டு பகுதிக்கும் ஒரே மாதத்தில் கடன்பட்டுக் கட்டவேண்டியதில்லை.

இனிப் பொறிகள். என் காசு போனது முதலாவதில்.

ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்பு, மதியச் சாப்பாடு, மாலையில் "சர்வதேச டிப்ளோமா", கோட் போட்டுக் குழுப் படம். சான்றிதழில் நாலு சின்னம் இருக்கும், நாலில் ஒன்றையும் எந்தக் கொம்பனியும் கேள்விப்பட்டிருக்காது. இரண்டு நாளில் டிப்ளோமா தருகிற தொழில் ஒன்றுமில்லை.

அடுத்தது ஓஷா 30 மணி நேரம். அது அமெரிக்க அரசாங்கத்தின் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விழிப்பூட்டல் பயிற்சி. அது தகுதிச் சான்றிதழ் அல்ல என்று அந்த அமைப்பே சொல்கிறது. அமெரிக்கத் தொழில் திணைக்கள அட்டை வரும் என்று இங்கே யாராவது சொன்னால், அதை எப்படித் தருவீர்கள் என்று கேளுங்கள். பேச்சு மாறும். இங்கிலாந்தின் ஐஓஷ் அமைப்பு கொடுக்கிற மனேஜிங் சேஃப்லி நல்ல பயிற்சிதான், மூன்று நாலு நாள், ஆனால் அது மேற்பார்வையாளருக்கும் மனேஜருக்கும் உரியது, நெபோஷுக்கு ஈடாக வைக்க முடியாது. கையில் காசு மிச்சமிருந்தால் பிறகு செய்யுங்கள்.

கடைசிப் பொறி வட்ஸ்அப்பில் வரும். "ஐஜி1 பதில் எழுதித் தருவோம், பாஸ் உத்தரவாதம்." அதே பதிலை இன்னும் முப்பது பேருக்கு விற்றிருப்பார்கள். நெபோஷ் ஒப்பிட்டுப் பார்க்கும். தேர்வுக்குப் பிறகு ஒரு சின்ன நேர்காணலும் உண்டு, கெமராவுக்கு முன்னால் அடையாள ஆவணத்தைக் காட்டி, இதை எப்படி எழுதினீர்கள் என்று கேட்பார்கள். என்னோடு படித்த ஒருவருக்கு அந்த இடத்தில் வாய் கட்டிவிட்டது. காசும் போய், முடிவும் இரத்தாகி, வீட்டில் சொல்லவும் முடியாமல் திரிந்தார்.

6. அனுபவக் கடிதம்

வேலையை விடும் நாளில் கேட்காதீர்கள், முதல் மாதத்திலேயே சொல்லி வையுங்கள். கொன்ட்ராக்டரின் கடிதத் தலைப்பில், உங்கள் பாஸ்போர்ட் பெயர், அடையாள அட்டை இலக்கம், பதவி, தொடங்கிய முடிந்த திகதி, செய்த வேலைகள், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், எடுத்தால் பதில் சொல்லக்கூடிய தொலைபேசி இலக்கம். கடைசிச் சொன்னதுதான் முக்கியம். கத்தாரிலிருந்து அழைத்தபோது என் பழைய முதலாளி தோணியில் மீனுக்குப் போயிருந்தார். எடுக்கவில்லை. இரண்டு கிழமை தூங்கவில்லை நான்.

ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேட்டுத்தான் சேருங்கள். உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதியத்துக்கு அவர் 3 வீதம். ஓய்வுக்காலம் இப்போது மனதில் இருக்காது, அது சரி. ஆனால் நீங்கள் அந்த இடத்தில் அந்த மாதம் வேலை செய்தீர்கள் என்பதற்கு அரசாங்கக் கணக்கில் விழுகிற ஒரே தடயம் அது. இல்லாத அனுபவத்தைக் கடிதமாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களால் இதைச் செய்து தர முடியாது.

ஸ்டோர் கீப்பராக இருந்தீர்கள் என்றால் ஸ்டோர் கீப்பர் என்றே எழுதச் சொல்லுங்கள். கீழே "தனிநபர் பாதுகாப்புக் கவசங்கள் வழங்கல், பதிவு, காலைப் பாதுகாப்புக் கூட்டத்துக்கு உதவி" என்று உண்மையில் செய்ததைச் சேர்க்கச் சொல்லலாம். அதில் ஒரு பொய்யும் இல்லை.

7. நேர்முகம்

கறுப்புப் பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். சில இடத்தில் நேரே சைட்டுக்குக் கூட்டிப்போவார்கள், செருப்போடு போனவரை கேற்றிலேயே நிறுத்திய கதை உண்டு.

படம் காட்டினால் அவசரப்படாதீர்கள். கீழிருந்து மேலே பாருங்கள்: நிலம், அடித்தளம், ஏணி, சாரத்தின் கால், பலகை, தடுப்புக் கம்பி, ஆள், ஆளின் கையில் உள்ளது, கடைசியில் உடுப்பு. ஏணி சாய்வு கேட்பார்கள், நாலடி உயரத்துக்கு ஒரு அடி வெளியே. கிணறு, மலக்குழி, தொட்டி பற்றிக் கேட்பார்கள். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் என்ன செய்வாய் என்பது பொறிக் கேள்வி. "உடனே இறங்கிக் காப்பாற்றுவேன்" என்றால் வேலை இல்லை. அப்படி இறங்கியவர்தான் அடுத்த பிணம், நம் ஊரிலேயே கேட்ட கதைதானே. ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் குறைந்தால் சுவாசக் கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, வெளியே நின்று கயிறும் முக்காலியும் கொண்டு எடுக்கிற ஏற்பாடு இறங்குமுன்பே இருக்கவேண்டும், 1990 அம்பியூலன்ஸுக்கு அழைக்கவேண்டும், இந்த வரிசையில் சொல்லுங்கள்.

வளைகுடா வேலை என்றால் வெயில் கேள்வி நிச்சயம். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை தடை. எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, 12.30 முதல் 3 மணி வரை. சவூதியில் அதே மூன்று மாதம், 12 முதல் 3 வரை. போகிற நாட்டுக்குரியதை விரல் நுனியில் வைத்திருங்கள்.

சிஆர் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். எனக்கு இரண்டாவது நேர்முகத்தில் வேலை கிடைத்தது நெபோஷால் அல்ல, அப்போது முடிவுகூட வரவில்லை. கொப்பியைப் புரட்டிக்கொண்டு வந்தவர் பால்மா டின் பக்கத்தில் நின்றுவிட்டார். "இந்த மூடிக்குப் பிணைச்சல் போட்டாங்களா, இல்லையா?" என்று கேட்டார். "போட்டாங்க சேர், என் மாமாதான் வெல்ட் பண்ணினார், ஆயிரத்தி எண்ணூறு ரூபா" என்றேன். சம்பளப் பேச்சு அதிலிருந்துதான் தொடங்கியது.

8. வெளிநாட்டுக்குப் போவதென்றால்

முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா, உங்களை அனுப்பப் போகிற அந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறாரா, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். உரிமம் உள்ளவர் அனுமதி இல்லாத வேலையையும் பேசுவார். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கேட்கலாம். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டின் மூலப் பிரதியை "பைலுக்கு வேணும்" என்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறவரிடமிருந்தும் அப்படியே.

ஒப்பந்தத்தில் பதவிப் பெயரைப் பாருங்கள். பேசும்போது சேஃப்டி ஒபிசர், கடதாசியில் "லேபர்" அல்லது "ஹெல்ப்பர்" என்றால், விசாவும் அப்படித்தான் வரும், பிறகு வேறு கொம்பனிக்கு மாறும்போது உங்கள் அனுபவம் எதுவும் சேஃப்டி அனுபவமாகக் கணக்கில் வராது. அடிப்படைச் சம்பளம், சாப்பாட்டுக் காசு, தங்குமிடம் மூன்றும் தனித்தனி வரிகளில் இருக்கவேண்டும்.

பொலிஸ் சான்றிதழ், மருத்துவம், சான்றிதழ்களுக்குக் கொன்சியூலர் முத்திரை, கத்தார் என்றால் கொழும்பிலுள்ள கத்தார் விசா நிலையத்தில் விரலடையாளம் என்று கடைசி இரண்டு மாதத்தில் பல தரம் கொழும்புக்குப் போகவேண்டி வரும். திகதிகளை ஒன்றுசேர்த்து எடுத்தால் ஐந்து பயணத்தை மூன்றாக்கலாம். பொலிஸ் சான்றிதழுக்கு ஒன்லைனில் விண்ணப்பியுங்கள், அது உங்கள் பொலிஸ் பிரிவுக்குப் போய் விசாரித்துத் திரும்ப நாள் எடுக்கும், ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் போட்டுவிடுங்கள். மருத்துவத்தை அவசரப்பட்டு முதலில் எடுக்காதீர்கள், அதற்குக் காலாவதி உண்டு, விசா பிந்தினால் திரும்பவும் காசு.

பணியகத்தில் பதிந்து அந்த ரசீதைக் கையில் எடுக்காமல் விமானம் ஏறவேண்டாம், பதிவோடுதான் காப்புறுதி வரும். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், பணியக ரசீது, முகவரின் உரிம இலக்கம், இந்த ஐந்தையும் படம் எடுத்து வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவரின் போனுக்கு அனுப்புங்கள். நான் தங்கச்சிக்கு அனுப்பினேன். அம்மாவின் போனில் படம் தங்காது, பக்திப் பாட்டு வீடியோவுக்கு இடம் காணாது என்று அழித்துவிடுவார்.